மாப்பிள்ளை துப்பிய மாத்திரை

…துப்பியிருக்கிறான், பாவி, நேற்று டாக்டர் முன்னால் அவ்வளவு சமர்த்தாக வாயை மூடி, தொண்டையைத் தடவிவிட்டபோது வாலை வேறு ஆட்டி, விழுங்கிவிட்டான் என்று அவரையும் நம்ப வைத்து, பிறகு கார் விரிப்பின் மடிப்பில் பத்திரமாகத் துப்பி வைத்திருக்கிறான், முடி ஒட்டிக் காய்ந்துபோன மாத்திரை இப்போது என் உள்ளங்கையில், எனக்கு முன்னால் கப்பலேறக் காத்திருப்பவை மூன்றே கார்கள்... பின் இருக்கையில் மாப்பிள்ளை ஒன்றும் தெரியாதவன் போல ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கிறான். பரிமாறினால்தான் சாப்பிடுவான், ஒரு சொல் கூடினால் முறுக்கிக்கொள்வான் என்று அக்கா வைத்த பெயர், ஒரு நாய்க்கு இதைவிடப் பொருத்தமாக எவரால் பெயர் வைக்க முடியும்? இப்போது என்ன செய்வது, நானே வாயைத் திறந்து உள்ளே தள்ளிவிடலாமா, கூடாது, டாக்டர் கையால் கொடுக்க வேண்டும், கொடுத்து ஒரு நாள் கழிந்திருக்க வேண்டும், ஐந்து நாள் தாண்டக் கூடாது, நாங்கள் குடிபோகும் நாட்டில் இல்லாத ஒரு நாடாப்புழு நாயின் வயிற்றோடு உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக இத்தனையும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

போனில் சொன்னதும் என் வீட்டுக்காரர் சிரித்தார். "பேசாம பேப்பரைக் காட்டிட்டு வந்து சேரு, அவன் வயித்தைத் தொறந்தா பாக்கப் போறாங்க?" சொல்வார், ஏன் சொல்ல மாட்டார், புது வேலை கிடைத்ததும் ஒரு பெட்டியோடு முன்னால் போய்ச் சேர்ந்தவர், நாயை உங்க அக்காகிட்ட விட்டுட்டு வா என்று அங்கிருந்தபடியே உத்தரவு போட்டவர். அவருக்கு வேலை மாறும்போதெல்லாம் மூட்டை கட்டியது யார், ஒவ்வோர் ஊரிலும் எதையாவது விட்டுவிட்டு வந்தது யார், இந்த முறை விடுவது என் வேலையை, ஸ்டீயரிங்கைத் தொடவே கை நடுங்கியவர்களை நெரிசலில் பாட்டு முணுமுணுத்தபடி ஓட்ட வைத்த வேலையை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் என் உரிமம் அங்கே செல்லாதாம், வந்த பிறகு பாத்துக்கலாமாம், யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது? அதனால்தான் நாயை விட மாட்டேன் என்று நின்றேன், அவன் கழுத்துத் தோலுக்கடியில் அடையாள சிப் வைத்ததும் நான், ரேபிஸ் ஊசி போட்டுக் காத்திருந்ததும் நான், இத்தனை செய்துவிட்டுக் கடைசியில் திருடி மாதிரி நுழைவதா? அக்கரையில் புல்லில் உருண்டுவிட்டுக் கையைக் கழுவாமல் வாயில் வைக்கும் யாரோ பெற்ற பிள்ளைக்கு இவன் வயிற்றுப் புழு போய்ச் சேர்ந்தால் அதையும் வந்த பிறகு பார்த்துக்கொள்வாரா? 

சோதனைச் சாவடியிலிருந்த பெண் கருவியை மாப்பிள்ளையின் கழுத்தில் வைத்து சிப் எண்ணைப் பார்த்தாள், பேப்பரைப் பார்த்தாள். "எல்லாம் சரியா இருக்கும்மா, போகலாம்." போயிருக்கலாம். மாத்திரையை அவள் மேஜைமேல் வைத்தேன். "இவன் இதைத் துப்பிட்டாம்மா." அவள் மாத்திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள், "இதை ஏம்மா எங்கிட்ட சொன்னீங்க," என்றாள் அலுப்போடு, "இனி நான் விட முடியாதே, டாக்டர் மறுபடி கொடுக்கணும், ஒரு நாள் கழிச்சுத்தான் வரணும்." வருகிறேன், எனக்கென்ன பயமா? பின்னால் கார்கள் அடைத்து நிற்க, பக்கத்தில் ஒரு சந்து மட்டும் இருந்தது, வழி சொல்லக் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்த ஊழியரிடம், "ஒதுங்கிக்கோங்க சார், நான் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு, கண்ணாடிகளை மட்டும் பார்த்தபடி ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்தேன், ஒரு காரின் மீதும் உரசவில்லை, அவர் வாயைப் பிளந்து நின்றார்.

துறைமுக வாசலைத் தாண்டி வண்டியை ஓரங்கட்டியதும் மறுபடி அவர் போன், நடந்ததைச் சொன்னேன். "உனக்கென்ன பைத்தியமா... சரி, விடு, நாளைக்கு டாக்டரைப் பாத்துட்டு மறுநாள் கப்பல்ல வந்துடுவே, இல்ல?" ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதானே, ஒரே ஒரு சொல், நாக்கு ஏன் எழவில்லை? யாரோ பெற்ற பிள்ளைக்காகத்தான் சொன்னேன், சத்தியமாக அதற்காகத்தான்... பிறகு எதற்கு மனசு இப்படி லேசாகிக் கிடக்கிறது, எதற்கு இந்தச் சிரிப்பு? "ஹலோ, கேக்குதா?" என்கிறார், கேட்கிறது, நன்றாகவே கேட்கிறது.