குச்சியோடு போனது

“சிஸ்டர், அந்தக் குழந்தைக்கு இன்னொரு தடவை ரத்தம் எடுத்து அனுப்புங்க.”

லேப் வேலையில் சேர்ந்த அன்றே, இதை மட்டும் கேட்காதே என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

“குழந்தை மொத்தமே தொள்ளாயிரம் கிராம். எங்கேருந்து எடுக்க, உன் கையிலேருந்தா?” பச்சிளங்குழந்தை வார்டு சிஸ்டர் போனை வைத்துவிட்டார்.

லேப் சீனியர் திரும்பினார். “உன்னை யாரு கேக்கச் சொன்னா? அதான் நம்பர் வந்தாச்சே.”

வந்திருந்தது. பிளேட்லெட் பதினெட்டாயிரம். ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். இதைப் பார்த்தால் மேலே வார்டில் உடனே பிளேட்லெட் ஏற்றுவார்கள். அந்த உடம்பு தாங்க வேண்டும்.

குதிகாலில் குத்திச் சொட்டுச் சொட்டாக எடுத்த ரத்தம், குப்பியிலேயே உறைந்திருந்தது. சீனியர் வழக்கம்போல மரக்குச்சியை விட்டுக் கட்டியைச் சுழற்றி எடுத்து எறிந்துவிட்டு, மிச்சத்தை மெஷினில் வைத்தார். பிளேட்லெட்டெல்லாம் கட்டியில் ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போய்விட்டது. கொடுத்ததை மெஷின் எண்ணியது.

“உறைஞ்சிருந்தா எண்ணக்கூடாது சார். படிச்சிருக்கேன்.”

“படிச்ச மகராசி! பதினஞ்சு வருஷமா குச்சி போடறேன். எந்தக் குழந்தையாவது கீழ வந்து என்கிட்ட சண்டை போட்டிருக்கா?”

போன செவ்வாய்க்கிழமையும் ஒன்று. பன்னிரண்டாயிரம். அன்று குச்சியைப் பிடித்தது நான். கையெழுத்தும் என்னுடையது. மூன்று தடவை ஏற்றினார்கள். வியாழக்கிழமை அந்தக் குழந்தை வார்டில் இல்லை. நுரையீரலில் நீர் கோத்துவிட்டதாம். ஏற்றியதால்தானா, தெரியாது. அன்று மதியம் நான் சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவி வைத்தேன்.

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. தெரு முழுக்க அம்மா என்னை லேப் டாக்டர் என்று சொல்லிவைத்திருக்கிறாள். “வாயை மூடிக்கிட்டு வேலை பாருடி,” என்று இன்று காலையிலும் சொல்லித்தான் அனுப்பினாள்.

கணினியில் எண்ணை அழித்தேன். ‘ரத்தம் உறைந்துள்ளது, எண்ண இயலாது’ என்று அடித்தேன்.

“அனுப்பாதே. அப்புறம் நான் பொறுப்பில்ல.”

“நீங்க எப்ப சார் பொறுப்பா இருந்தீங்க?”

அனுப்பினேன்.

“நாளையிலேருந்து வராதே.”

“சரி சார்.”

குப்பைக் கூடையிலிருந்து கட்டி ஒட்டிய குச்சியை எடுத்து ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட்டின் நகலை, என் கையெழுத்து தெரிய மடித்துக்கொண்டேன். வார்டு டாக்டரிடம் இரண்டையும் காட்ட வேண்டும்.

லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றிருந்தது. படியேறினேன்.