சாவுக்கதவுக்கு ஒரு தாழ்

காற்றுதான் முதலில் கார்க் கதவைப் பிடித்தது, அவள் கை பிடித்தது அப்புறம்தான், பிடித்த கையை விடவேண்டும் என்று பாரிஜாதத்துக்குத் தோன்றவே இல்லை, கதவு போன பக்கமே கையும் போனது, கையோடு தோளும், அவிநாசி சாலை காலடியில் கறுப்பாக ஓடிக்கொண்டிருக்கிறது, கணவர் சாமியப்பன் ஒரு கையில் ஸ்டீயரிங்கும் மறு கையில் அவள் முந்தானையுமாகப் பிரேக்கை மிதிக்கிறார், மற்ற கார்க் கதவுகளுக்குக் கீல் முன்னால் இருக்கும், லாக் நழுவினாலும் எதிர்க்காற்றே அறைந்து சாத்திவிடும், இந்தக் காருக்கோ கீல் பின்னால், நழுவினால் போதும், காற்று உள்ளே நுழைந்து கதவைப் பிடுங்கிக்கொண்டு போகும், பழைய கார்க்காரர்கள் இதைச் சாவுக்கதவு என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள், சிரிக்கிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை. தோள் இறங்கிக் கட்டுப்போட்டு அவள் படுத்திருந்தபோது காரையே விற்றுவிடுகிறேன் என்றார் சாமியப்பன், காயலான் கடையில் கிடந்த தாத்தா காலத்துக் கார்க்கூட்டுக்குள் ஜீப் எஞ்சினை இறக்கி, மட்கார்டை வெட்டி, இரண்டே இருக்கை வைத்து அவர் ஆசையாகக் கட்டிய கார், ஏனுங்க, கார் என்ன பண்ணுச்சு, லாக்கு நழுவுனா லாக்குக்கு ஒரு வழி பண்ணோணும் என்றாள், கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்துகிறவள் வேறு எப்படிப் பேசுவாள்.

இப்போது அவள் கல்லாறு பாக்குத்தோப்பு ஓரம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், ஊட்டியிலிருந்து பழைய கார்கள் ஊர்வலமாக மலையிறங்கி வருகின்றன, இன்று அந்தச் சாவுக்கதவை ஒட்டி உட்கார்ந்திருப்பவள் மகள் தமயந்தி, போன வருசம் நீ போனீல்லம்மா, இந்த வருசம் அப்பாகூட நான்தான் என்று சண்டை போட்டு ஏறியவள், பாரிஜாதத்துக்குப் பயமில்லை, பயந்தவள் பெற்ற மகளை ஏற்றியிருப்பாளா, ஆனாலும் கையிலிருந்த டீ ஆறிப்போய்விட்டது. அந்தக் கதவுக்கு அவள் முதலில் செய்த பூட்டு எல்லோரும் மெச்சிய பூட்டு, சாவியைத் திருகினால் கரண்ட் பாய்ந்து விரல் கனத்துக்கு ஓர் எஃகு முளை கதவுக்குள் நுழையும், வண்டியை அணைத்தால் ஸ்பிரிங் அதை வெளியே இழுத்துவிடும், ஓடும்போது கதவு திறக்காது, நின்றால் தடுக்காது, பார்த்தவர்களெல்லாம் எங்களுக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க என்று கேட்டார்கள், அவளுக்கே தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது, சோதித்துப் பார்க்க மருதமலை இறக்கத்துக்குப் போனார்கள், அவளே அந்தப் பக்கம் உட்கார்ந்தாள், இதோ முதல் வளைவு வருகிறது, சாமியப்பனின் கை தானாகப் போய்ச் சாவியை அணைக்கிறது, இறக்கம் என்றால் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டுவது லாரி ஓட்டிய காலத்திலிருந்தே அவருக்குக் கைப்பழக்கம், டக் என்று ஒரு சத்தம், தான் செய்த பொருளின் சத்தம் அவளுக்குத் தெரியாதா, முளை வெளியே வந்துவிட்டது, வண்டி ஓடுகிறது, கதவுக்குக் காவல் இல்லை, சாவியப் போடுங்க என்றாள், எதுக்கு புள்ள, அதுபாட்டுக்கு உருளுது, பெட்ரோல் விக்கற வெலைக்கு என்றார் அவர், அவளுக்கு ஆத்திரம் வந்தது, ஆத்திரத்துக்குள்ளேயே சிரிப்பும் வந்தது, ஓடும்போதே வண்டியை அணைக்கிற மனிதரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டு அவரைக் கணக்கில் சேர்க்காமல் பூட்டுச் செய்தது யார் தப்பு.

பூட்டு சாவியின் பேச்சைக் கேட்டது, சாவி அவர் பேச்சைக் கேட்டது, மனிதரை மாற்றுவதைவிடப் பூட்டை மாற்றுவது சுலபம், மறுநாளே வயரையெல்லாம் பிடுங்கி எறிந்தாள், ஸ்பிரிங்கைத் திருப்பிப் போட்டாள், கதவைச் சாத்தினால் முளை தானாகப் பாய்ந்து நிற்கும், கம்பி வளையத்தை இழுத்தால்தான் திரும்பும், வளையம் உள்ளே இருக்கைக்கு அடியில் ஒன்று, வெளியே ஏறும் படிக்கு அடியில் ஒன்று, அடிபட்டுக் கிடந்தால் தூக்க வருகிறவனுக்கும் வழி வேண்டுமே, சாமியப்பன் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார், மாட்டுச்சாளைத் தாழ்ப்பாளாட்டம் இருக்குது, மாடு வெளிய விழுகாம இருந்தாச் செரிங்க என்றாள். மலையிறக்கத்தில் சாவியைத் தொடவே மாட்டேன் என்று நேற்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார், செய்யட்டும், அந்தச் சத்தியத்தை நம்பி அவள் பூட்டுச் செய்யவில்லை.

கார்கள் ஒவ்வொன்றாகப் புகை கக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு இறங்குகின்றன, அப்புறம் சத்தமே இல்லாமல் ஒன்று வளைவில் திரும்புகிறது, டயர் உருளும் சத்தம் மட்டும், பாரிஜாதம் எழுந்து நின்றுவிட்டாள், அவளைப் பார்த்ததும் சாமியப்பனின் கை அவசரமாகச் சாவிக்குப் போகிறது, எஞ்சின் உறுமுகிறது, யாரை ஏமாற்ற, கார் அவளருகே வந்து நிற்கிறது, கதவின் முன்விளிம்பு ஒரு விரல் அகலத்துக்கு வெளியே தள்ளி நிற்கிறது, பழைய லாக் எந்த வளைவிலோ நழுவியிருக்கிறது, அந்த இடுக்கில் எஃகு முளை மட்டும் பளபளக்கிறது, அதே கதவில் தோளும் தலையுமாக முழுப்பாரத்தையும் போட்டு வாயைத் திறந்து தூங்குகிறாள் தமயந்தி.

பாரிஜாதம் ஒரு கையை மகள் தோளுக்குக் கொடுத்துக்கொண்டு மறு கையால் வளையத்தை இழுத்தாள். வந்தாச்சாம்மா, அசந்துட்டேன் என்றாள் மகள். இந்தச் சத்தத்துல எப்படிக் கண்ணு தூங்குன என்று கேட்டாள் பாரிஜாதம். சத்தம் எங்க இருந்துச்சும்மா, மேல பர்லியாறுலயே அப்பா எஞ்சின அணைச்சுட்டாரு, அப்புறந்தான் தூக்கமே வந்துச்சு, கதவுல சாஞ்சா நல்லா சொகமா இருந்துச்சு என்றாள் தமயந்தி, சாமியப்பன் கல்லாற்றுப் பாக்குமரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.