ரெண்டு அங்குலம்

நாவுலயில் சோளம் போட்டிருந்த றுஸைனாவுக்குப் பயிர்க்காவலுக்கென்று அரசாங்கம் கொடுத்த துவக்கில், தோளில் வைக்கும் அடிக்கட்டை அவளுக்கு நீளம். சுடும்போது தோளை உதைக்கிறதென்று செருப்பு ரப்பரைக் கட்டினாள்; கட்டை இன்னும் நீண்டது. குறி தவறிச் சோளம் தின்ன வந்த பன்றிகள் தப்பின, தோள் கன்றிப்போனது. துவக்கை மாத்தளையில் துவக்குத் திருத்தும் ரிஸ்வியின் பட்டறைக்குக் கொண்டுபோனாள்.

“ரெண்டு அங்குலம் வெட்டித் தாங்க நானா.”

“ரெண்டு நிமிஷ வேலை தங்கச்சி. அனுமதிக் கடிதம் இல்லாம வெட்டினா என் லைசன்ஸும் போகும், ஒங்கடதும் போகும். ஆளுக்கேத்த மாதிரி நீட்டிச் சுருக்குற கட்டை வெளிநாட்டுல இருக்கு. நமக்கு வர்றதெல்லாம் ஆறடி ஆம்பளைக்குச் செஞ்சது.”

“கடிதம் கேட்டு மூணு மாசம் ஆச்சு, இன்னும் வரல்ல. சோளம் பத்து நாள்ல முத்திடும். பன்னியையும் மனு எழுதிட்டு நிக்கச் சொல்லவா?”

ரிஸ்வி ரப்பரை மட்டும் கழற்றிவிட்டு, துவக்கைத் திருப்பிக் கொடுத்தான். அவள் அதைச் சாக்கில் சுற்றி, வலிக்காத தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.