வாசல் சிலேட்டு

இங்கிலாந்தில் டர்ஹம் பக்கத்து ஊர் ஒன்றில், ஊரடங்கால் பள்ளிக்கூடம் மூடி ஐந்து வாரமாகியிருந்தது. அம்மா இறந்து மூன்று வாரம். அப்பா படுக்கையை விட்டு எழுந்திருப்பதே இல்லை. மார்னியும் தம்பி கேலமும் சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஊர் நிலக்கரிச் சுரங்கத்தைப் பற்றி டீச்சர் தேடச் சொன்னதை இணையத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நம்ம வாசல் சுவத்துல ஒரு சிலேட்டு பதிச்சிருக்கே, அது எதுக்குன்னு தெரியுமா? சுரங்கத்து ஆளுங்க எத்தன மணிக்கு எழுப்பணும்னு அதுல எழுதி வைப்பாங்களாம். ஒருத்தர் வந்து கழியால மாடி ஜன்னலத் தட்டுவாராம்."

"உன்ன எழுப்பக் கழி பத்தாதுடா, வெடிதான் வைக்கணும்," என்றாள் மார்னி. அவளுக்கே சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை சாக்பீஸால் சிலேட்டில் 7 என்று எழுதினாள். பிறகு மாடியில் அப்பாவின் அறைக் கதவுக்கு வெளியே நின்று சொன்னாள்.

"அப்பா, வாசல்ல உங்களுக்கு மணி எழுதியிருக்கேன்."

சாக்பீஸைக் கதவருகே வைத்துவிட்டுப் போனாள்.

காலையில் இருவரும் துடைப்பக் கழியோடு வெளியே போனார்கள். 7 அழிந்திருந்தது. அதன் இடத்தில் அப்பாவின் கோணல் எழுத்தில் 10 என்று இருந்தது.

"அக்கா, அப்பா எந்திரிச்சு வெளிய வந்திருக்காரு!"

மார்னிக்கு அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. கழியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். பத்து மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.