உங்கள் ஆர்வத்துக்கு நன்றி

டீச்சருக்கு மரியாதை ஒரு வியாதி. நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம். ஆறாம் வகுப்புப் பூகோளத்துக்காக இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கியபோது அந்த வியாதியை அங்கேயும் கொண்டுபோய் ஒட்டவைத்தார்.

பக்கத்தின் பெயர் 'நம்ம பாதை'. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை ஒவ்வொரு பிள்ளையும் வரைய வேண்டும், எழுத வேண்டும், வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கருத்துச் சொல்லலாம். கருத்துச் சொல்கிறவருக்குப் பதில் எழுதினால் ஒரு மார்க். பதில் 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் அரை மார்க் போச்சு.

டீச்சர் அசட்டையாக இருந்தார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. போட்டோ கூடாது, சொந்தப் பெயர் கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். ராக்கெட், புயல், குண்டூசி. வருஷத்தின் நடுவில் வந்து சேர்ந்த ஒல்லிப் பெண் 'பென்சில்' ஆனாள்.

வகுப்பில் வாயே திறக்காத பென்சில் அந்தப் பக்கத்தில் வாயாடியாக இருந்தாள். சாவி வெட்டும் கடை, அதன் பக்கத்து மாடிப்படி, குடையைக் கண்டால் குரைக்கும் நாய், மேலே பச்சைக் கதவு. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு சூரியன். அவள் எழுதியதை வைத்துக்கொண்டு கண்ணைக் கட்டிவிட்டாலும் அவள் வீட்டுக்குப் போய்ச் சேரலாம். டீச்சர் எல்லோரிடமும் பெருமையாக அப்படித்தான் சொன்னார்.

பென்சிலுக்கு ஒரு வாசகரும் கிடைத்தார். 'பூகோளப்பிரியன்' என்று பெயர் போட்டுக்கொண்டு, நாள் தவறாமல் ஏதாவது கேட்பார். மாடிப்படி கடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? மழை வந்தால் எங்கே ஒதுங்குவீர்கள்? பென்சில் மார்க்கை விடுவாளா? 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. மழை வந்தால் சாவிக்கடை ஓரமாக ஒதுங்குவேன். நாலு மணிக்கு அம்மா அங்கே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவார்.'

"யாரும்மா இந்த ஆளு? வேலைவெட்டி இல்லாதவரா?" என்று ஹெட்மாஸ்டர் ஒருநாள் கேட்டார்.

"ஆர்வம் சார், ஆர்வம்! நம்ம ஸ்டாஃப் ரூம்ல யாருக்காவது அது இருக்கா?" என்று டீச்சர் திருப்பிக் கொடுத்தார். அவரும் ஒரு முறை அந்த ஆளுக்குத் தன் கையாலேயே நன்றி எழுதியிருந்தார்.

இன்னொரு நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பீரியட். சுவரில் இருந்த பெரிய திரையில் பென்சிலின் பக்கத்தைத் திறந்து, அளவுகோல் என்றால் என்ன என்று டீச்சர் விளக்கிக்கொண்டிருந்தார். எல்லோர் கண்முன்னாலும் ஒரு புதுக் கருத்து வந்து விழுந்தது.

'பாதை மனப்பாடம் ஆயிடுச்சு. இன்னிக்கு நாலு மணிக்கு நேர்லயே பாக்கலாம், கடுகு.'

"கடுகாம்!" என்று ராக்கெட் சிரித்தான். வகுப்பே சிரித்தது.

"ஆள் மாத்திப் போட்டுட்டார் போல. நம்ம கிளாஸ்ல கடுகுன்னு யாரும் இல்லையே" என்று டீச்சரும் சிரித்தபடி திரும்பினார். பென்சிலின் இடம் காலியாக இருந்தது. அவள் மேஜைக்கு அடியில், பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் குனிந்தார்.

"அது எங்கப்பா டீச்சர். அவர் மட்டுந்தான் என்னை அப்படிக் கூப்பிடுவாரு."

அப்பாதானே என்று சொல்ல வாயெடுத்தவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பள்ளியில் சேர்க்க வந்த அன்று அவள் அம்மா, சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது. "பேரோ போட்டோவோ எதுவும் வெளிய போகக்கூடாது டீச்சர். தயவுசெஞ்சு." பேரும் போகவில்லை, போட்டோவும் போகவில்லை. மற்றதெல்லாம் போயிருந்தது.

டீச்சர் பாய்ந்துபோய் மவுஸைப் பிடித்தார்.

"அழிக்காதீங்க டீச்சர்!" பென்சில் அத்தனை சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "அழிச்சா, நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிடும்."

திரையை அணைத்துவிட்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு டீச்சர் ஹெட்மாஸ்டர் அறைக்கு ஓடினார். ஹெட்மாஸ்டர் போலீசுக்குப் போன் போட்டார். என்ன நடந்தது என்று கேட்டார்கள். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை என்றார். போனை வைத்தவர் முகம் சிவந்திருந்தது. "நடந்தப்புறம் கூப்பிடணுமாம்!"

பென்சிலின் அம்மாவுக்கு வேலை, ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில். உள்ளே போகும்போதே போனை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அங்கே யாரும் போன் எடுக்கவும் இல்லை. வேலை முடிந்ததும் நேராகச் சாவிக்கடைக்கு வந்து நிற்பாள். அந்த ஆளும் அங்கேதான் நிற்பான். சலவைக்கூடம் பள்ளிக்கு வரும் வழியில் இல்லாததால் பென்சில் அதைப் பற்றி எழுதவில்லை. அவனுக்குத் தெரியாத ஒரே இடம் அதுதான்.

"பின்வாசல் வழியா போங்க. கிளாஸை நான் பாத்துக்கறேன்" என்றார் ஹெட்மாஸ்டர். 'நான் அப்பவே கேட்டேனே' என்று அவர் சொல்லவில்லை. அதற்காகவே அவர் காலில் விழலாம் போலிருந்தது டீச்சருக்கு.

ஸ்கூட்டரின் பின்னால் பென்சில் டீச்சரின் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். சிக்னலில் நின்றபோது பக்கத்தில் ஹெல்மெட்டுக்குள் இருந்து ஒருவர் திரும்பிப் பார்த்தார். அந்த ஆளின் முகமே தனக்குத் தெரியாது என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

"உங்கப்பா பாக்க எப்படி இருப்பாரு?"

"நல்லாத்தான் இருப்பாரு டீச்சர். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

சலவைக்கூடத்து வாசலில் சோப்பு நெடியும் ஆவியும் முகத்தில் அடித்தன. ஈரக்கையோடு வெளியே வந்த அம்மா, பள்ளி நேரத்தில் மகள் அங்கே நிற்பதைப் பார்த்தாள். ஏன், என்ன என்று எதுவுமே கேட்கவில்லை.

"எங்க இருக்கான்?" என்றாள்.

டீச்சர் போனில் பென்சிலின் பக்கத்தைத் திறந்து நீட்டினார். அம்மா மேலிருந்து கீழ்வரை ஒன்று விடாமல் படித்தாள்.

"எல்லாத்துக்கும் நன்றி சொல்லியிருக்கா."

"நான்தான் சொல்லச் சொன்னேன்."

"நீங்களும் சொல்லியிருக்கீங்க."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்கள நம்பித்தானே விட்டேன்" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு ஊர்ல புகார் குடுத்துப் பாத்தாச்சு. ரெண்டு தடவையும் போலீசுக்கு முன்னாடி அவன்தான் வந்து நின்னான். நாங்க பஸ் ஏறிடறோம். ஆனா பஸ் ஸ்டாண்டுக்கு சாவிக்கடைத் தெருவைத் தாண்டித்தான் போகணும். அவனை அங்கேருந்து நகர்த்துங்க."

"நானா? எப்படி?"

"எழுதுங்க. நீங்க எழுதினா நம்புவான். இதுவரைக்கும் உங்க பக்கத்துல ஒரு பொய் கூட இல்லையே."

டீச்சர் தட்டினார். 'இன்று ஆறாம் வகுப்பு துறைமுகத்து மீன் காட்சியகத்துக்கு வந்திருக்கிறது. பெற்றோர் நாலு மணிக்கு அங்கேயே வந்து பிள்ளைகளை அழைத்துச் செல்லவும்.' துறைமுகம் ஊரின் மறுகோடி.

பென்சில் எட்டிப் பார்த்தாள். "நன்றி இல்லையே டீச்சர்."

"என்னம்மா?"

"முதல்ல நன்றி வரணும். எல்லாப் பதில்லயும் இருக்கு. இதுல இல்லாட்டி அவருக்குச் சந்தேகம் வந்துடும்."

டீச்சர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையாட்டினாள். அந்த வரியை மேலே சேர்த்து அனுப்பினார் டீச்சர். தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டது போல் இருந்தது.

மூவரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே இயந்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன.

'அப்படியா? நல்லவேளை சொன்னீங்க. இதோ கிளம்பிட்டேன்.'

அம்மா உள்ளே ஓடிப் பையையும் போனையும் வாங்கிக்கொண்டு வந்தாள். மேற்பார்வையாளர் ஏதோ கத்தினார். அவள் காதில் வாங்கவில்லை.

"ரூம்ல இருக்கற சாமானெல்லாம்?" என்றார் டீச்சர்.

"போகட்டும். பஸ் கிளம்பினதும் கூப்பிடறேன். அதுவரைக்கும் அவன் அங்கேயே நிக்கணும்." வழியில் வந்த வாடகை வண்டியைக் கைகாட்டி நிறுத்திவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். "அந்தச் சூரியனைப் பாத்துத்தான் கண்டுபிடிச்சிருப்பான். இனிமே எங்கயும் அதை வரையக் கூடாது. சரியா?"

பென்சில் சரி என்று தலையாட்டினாள். வண்டியில் ஏறியதும் திரும்பிப் பார்க்காமல் சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

டீச்சர் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தை அழிக்க முடியாது. அம்மாவிடமிருந்து போன் வரும்வரை அது இருந்தாக வேண்டும். திரையின் மூலையில் சூரியன் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரித்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போன் அதிர்ந்தது. ஆவலோடு பார்த்தார். பென்சிலின் அம்மா இல்லை.

'வந்துட்டேன். பசங்க யாரையும் காணோமே? எந்த வாசல் டீச்சர்?'

இத்தனை வருஷத்தில் வாயால் சொல்லாத கெட்ட வார்த்தைகளெல்லாம் விரல் நுனிக்கு வந்து நின்றன. அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தட்டி அவன் முகத்தில் எறிய வேண்டும் போலிருந்தது. பஸ் இன்னும் கிளம்பியிருக்காது.

டீச்சர் தட்ட ஆரம்பித்தார்.

'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. பின்வாசலில் நில்லுங்கள். பிள்ளைகள் இதோ வந்துகொண்டிருக்கிறார்கள்.'