ஊசி முனை

தையல் மிஷின்கள் போடும் இரைச்சலையும் மீறிப் பேசக்கூடியவள் என்பதால் அவளுக்கு ரேடியோ அக்கா என்று பேர். காலையில் பக்கத்து மிஷினில் புதிதாக வந்து உட்கார்ந்தவளின் வீட்டுக் கதை மொத்தத்தையும், ஒரு கட்டுக் குழந்தைச் சட்டை முடிவதற்குள் கறந்துவிட்டாள். புருஷன் கால் ஒடிந்து படுக்கையில், பிள்ளைகள் இரண்டு, இந்த வேலையும் போனால் நடுத்தெருதான். புதியவளின் கை மெதுவாக ஓடுவதைப் பார்த்து அவளுடைய கட்டிலிருந்து பாதிச் சட்டைகளை வாங்கித் தானே தைத்தாள். சாப்பாடு கொண்டுவரவில்லை என்று தெரிந்ததும், தன் டப்பாவில் பாதி அவளுக்கு என்று சொல்லிவிட்டாள். கூடப் பிறந்தவர்கள்கூட இப்படி ஒட்டியதில்லை என்று புதியவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா புதியவளின் ஊசி உடைய வேண்டும்? உடைந்த துண்டு அத்தனையும் ஒப்படைத்தால்தான் அங்கே மறு ஊசி. முனையை மட்டும் காணோம். மடியை உதறினாள், தரையைத் துழாவினாள். அக்கா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தலைத்துணி மடிப்பிலிருந்து ஓர் ஊசியை உருவி நீட்டினாள். அப்படி ஒளித்து வைத்திருப்பதே பெரிய குற்றம்.

"மாட்டிட்டுத் தையி. பெல் அடிச்சதும் ரெண்டு பேருமாத் தேடலாம்."

அதற்குள் கட்டு சோதனை மேஜைக்குப் போய்விட்டது. இரும்பைக் கண்டால் கத்தும் கருவி கத்தியது. ஒரு குட்டிச் சட்டையின் கழுத்துப்பட்டிக்குள் இருந்தது முனை. அந்தக் கட்டைத் தைத்த இருவரையும் சோதித்தார்கள். அக்காவின் தலைத்துணியில் இன்னும் இரண்டு ஊசிகள் அகப்பட்டன.

"உடைச்சது நீதானே?" என்று அக்காவைக் கேட்டார் சூப்பர்வைசர்.

அக்கா புதியவளைத் திரும்பிப் பார்த்தாள். உடைத்தது தான்தான் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். புதியவள் குனிந்து மிஷினை ஓட்டினாள்.

"ஆமா, நான்தான்" என்றாள் அக்கா.

டப்பாவை எடுக்கக்கூட விடாமல் அவளை வெளியே அனுப்பினார்கள். சூப்பர்வைசர் வரிசையைப் பார்த்து, "இந்தப் புதுப் பொண்ணப் பாத்துக் கத்துக்குங்க. தலை நிமிராமத் தைக்குது" என்றார்.

பெல் அடித்தது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அக்காவின் டப்பா அவள் மிஷின் பலகைக்கடியில் இருந்தது. அதைத் தொடப் புதியவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. வயிறு அதைவிடப் பிடுங்கியது. திறந்து, தனக்குச் சொன்ன பாதியை மட்டும் தின்றுவிட்டு மூடி வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் திறந்தாள்.