உட்காராத ரசிகர்

அச்சகத்தில் புரூஃப் திருத்தும் அவர் டிவி சீரியல் பார்க்கவே மாட்டார். பொழுதுபோக்கு என்னவென்று கேட்டால், வாசிப்பு என்பார். ஏழரை மணிக்கு மனைவி சீரியல் போட்டதும், "இந்தக் கண்றாவிய எப்படித்தான் பார்க்கிறியோ" என்று சலித்துக்கொண்டு, புத்தகமும் கையுமாகக் கதவோரம் சாய்ந்து நிற்பார். உட்கார்ந்தால்தானே பார்ப்பதாக அர்த்தம்? மூன்று வருடம் இப்படியே ஓடிவிட்டது. புத்தகம் பதினேழாம் பக்கத்தைத் தாண்டவில்லை. கால்தான் தகராறு செய்ய ஆரம்பித்தது. மனைவி டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"ரொம்ப நேரம் நிக்கிற வேலையா?" என்று கேட்டார் டாக்டர்.

"நாள் பூரா உட்கார்ந்துதான் இருக்கேன்," என்றார் இவர், ஒன்றும் அறியாதவர் போல.

"வீட்டுலதான் டாக்டர் நிப்பாரு," என்றாள் மனைவி. "ஏழரைக்கு நின்னா, சீரியல்ல மூத்த மருமக அழுது முடிக்கிற வரைக்கும்."

தப்பு ஒன்று காதில் விழுந்தபின் சும்மா இருக்க இவரால் முடியுமா?

"மூத்தவ எங்க அழுதா? அழறது ரெண்டாவது மருமக," என்றார்.

டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. மருந்துச் சீட்டில் ஒரே வரி எழுதினார்: தினமும் ஏழரைக்கு உட்காரவும்.